முசோலினிக்குக் கதவைத் திறந்தது யார்?

1919 நவம்பரில் இத்தாலியில் பொதுத் தேர்தல். மிலான் நகரில் பெனிட்டோ முசோலினி தன் ஆட்களோடு போட்டியிட்டார். பத்திரிகை ஆசிரியர், மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுவார், ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த அந்த நகரத்தில் அவருடைய பட்டியலுக்குக் கிடைத்தது ஐயாயிரத்துக்கும் குறைவு. ஜெயித்த சோஷலிஸ்டுகள் ஒரு போலிச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் பக்கமாக ஊர்வலம் போனார்கள். ஆளின் அரசியலுக்குக் கருமாதி முடிந்தது என்று அர்த்தம்.

1922 அக்டோபர் 30 அன்று அதே ஆள் இத்தாலியின் பிரதமர். வயது 39.

நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் வழக்கமாகச் சில பதில்கள் வரும். உலகப் போர், வறுமை, கம்யூனிச பயம், முசோலினியின் பேச்சுத் திறமை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் இந்தப் பதில்களுக்குள் அடங்குவதில்லை. முதலாவது, வறுமைதான் காரணம் என்றால் முசோலினியின் இயக்கமான பாசிசம் நாட்டின் ஏழைப் பகுதியான தெற்கே, கலாப்ரியாவிலும் சிசிலியிலும் வேர்விட்டிருக்க வேண்டும். அங்கே அது பெயரளவுக்குத்தான் இருந்தது. வளர்ந்ததெல்லாம் வடக்கே, நாட்டிலேயே வளமான மண்ணில். இரண்டாவது, புரட்சி வந்துவிடும் என்ற பயம் உச்சத்தில் இருந்தது 1920 செப்டம்பரில். பாசிஸ்ட் கட்சி ஊதிப் பெருத்ததோ அந்த ஆபத்து விலகிய பிறகு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கதையைப் படித்தால் பல முடிச்சுகள் அவிழும்.

ஓட்டு வந்தது, கட்சிகள் வரவில்லை

இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். ரோம் நகரம் சேர்ந்தது 1870இல். அரசாங்கத்தை நடத்தியவர்கள் லிபரல்கள் என்று அழைக்கப்பட்ட வக்கீல்களும் நிலக்காரர்களும் பேராசிரியர்களும். அவர்களிடம் நாம் நினைக்கிற மாதிரி கட்சி இல்லை. உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பிடித்து, உன் ஊருக்குப் பாலம், உன் மச்சானுக்கு வேலை என்று பேசிப் பெரும்பான்மையைச் சேர்ப்பார்கள். எதிர்த்து நிற்பவனையும் இழுத்து உள்ளே போட்டுக்கொள்வார்கள். இந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஜியோவான்னி ஜியோலிட்டி. ஐந்து முறை பிரதமராக இருந்தவர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

சிலருக்கு மட்டும் ஓட்டுரிமை இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. 1912இல் ஜியோலிட்டியே ஆண்களுக்கான ஓட்டுரிமையை விரிவாக்கினார். 33 லட்சம் பேர் இருந்த வாக்காளர் பட்டியல் 85 லட்சத்தை ஒட்டி வளர்ந்தது. 1919இல் கட்சி வாங்கும் ஓட்டு விகிதப்படி இடங்கள் என்ற முறையும் வந்தது. அதே ஆண்டில், கத்தோலிக்கர்கள் தேசியத் தேர்தலில் கலந்துகொள்ளக் கூடாது என்று போப் விதித்திருந்த பழைய தடையும் நீங்கியது. ஊர்ப் பெரிய மனிதர்களின் செல்வாக்கில் ஓடிய வண்டியில் திடீரென்று லட்சக்கணக்கான புதுப் பயணிகள். வண்டியோட்டிகள் மட்டும் பழையவர்கள்.

ஜெயித்தும் தோற்ற போர்

1914இல் போர் தொடங்கியபோது இத்தாலி ஒதுங்கி நின்றது. நாடாளுமன்றத்தில் பெரும்பாலோர் போர் வேண்டாம் என்ற பக்கம். ஆனால் பிரதமர் சலாந்திராவும் வெளியுறவு அமைச்சர் சொன்னினோவும் 1915 ஏப்ரலில் லண்டனில் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் சேர்ந்தால் ஆஸ்திரியாவிடம் இருந்த ட்ரெண்டினோ, ட்ரியெஸ்தே, இஸ்திரியா, தல்மாத்தியக் கடற்கரையின் ஒரு பகுதி எல்லாம் கிடைக்கும் என்று பேச்சு. தெருவில் கூட்டம் சேர்த்து, அரசரின் ஆதரவோடு, நாடாளுமன்றத்தை மிரட்டாத குறையாகச் சம்மதிக்க வைத்து மே மாதம் போரில் இறங்கினார்கள். தெருக்கூட்டத்தைக் காட்டி நாடாளுமன்றத்தைப் பணிய வைக்கலாம் என்ற பாடத்தை முதலில் நடத்தியவர்கள் பாசிஸ்டுகள் அல்ல, லிபரல்கள்தான்.

முசோலினி அதுவரை சோஷலிஸ்ட். கொல்லர் மகன், கட்சிப் பத்திரிகையான அவாந்தியின் ஆசிரியர், 1911இல் லிபியாவைப் பிடிக்க இத்தாலி நடத்திய போரை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். 1914 இறுதியில் திடீரென்று போர் வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். கட்சி வெளியேற்றியது. சொந்தமாக இல் பொப்போலோ தித்தாலியா என்ற நாளிதழைத் தொடங்கினார். ஆலை முதலாளிகளிடமிருந்தும் பிரான்சிலிருந்தும் அதற்குப் பணம் வந்தது.

போரில் சுமார் 6 லட்சம் இத்தாலியச் சிப்பாய்கள் மாண்டார்கள். பெரும்பாலும் விவசாயிகள். 1917 அக்டோபரில் கபோரெட்டோ என்ற இடத்தில் இத்தாலியப் படை தோற்றுச் சிதறி ஓடியது. அதன் பிறகு சிப்பாய்களைத் தேற்ற, போர் முடிந்ததும் நிலம் கிடைக்கும் என்ற பேச்சு அகழிகளில் பரப்பப்பட்டது. மடிந்தது போக மிச்சமிருந்தவர்கள் 1919இல் ஊர் திரும்பி, நிலம் எங்கே என்று கேட்டார்கள்.

பாரிஸ் சமாதான மாநாட்டில் ட்ரெண்டினோவும் ட்ரியெஸ்தேயும் கிடைத்தன. தல்மாத்தியா கிடைக்கவில்லை. ஒப்பந்தத்திலேயே இல்லாத ஃபியூமே துறைமுகத்தையும் இத்தாலி கேட்டது. அமெரிக்க அதிபர் வில்சன் மறுத்தார். பிரதமர் ஒர்லாண்டோ கோபித்துக்கொண்டு மாநாட்டை விட்டு வெளியேறி, கொஞ்ச நாளில் வெறுங்கையோடு திரும்பிப் போனார். நம் வெற்றியை ஊனப்படுத்திவிட்டார்கள் என்ற கூச்சல் கிளம்பியது. கணக்குப் பார்த்தால் இத்தாலியின் பரம எதிரியான ஆஸ்திரியப் பேரரசே காணாமல் போயிருந்தது. அதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்? ஆனால் மனக்குறைக்குக் கணக்கு தெரியாதே.

1919 செப்டம்பரில் கவிஞர் டான்னுன்சியோ கலகக்காரச் சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு போய் ஃபியூமேயைக் கைப்பற்றினார். பால்கனியில் நின்று கூட்டத்தோடு கேள்வி பதிலாகப் பேசுவது, கறுப்புச் சட்டை, கையை நீட்டி வணக்கம் எல்லாம் அங்கே அரங்கேறின. முசோலினி பிற்பாடு அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார். இந்த நாடகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ராணுவத்தினர் அரசின் உத்தரவை மீறி ஒரு நகரத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்களை வெளியேற்ற அரசாங்கத்துக்கு 15 மாதம் ஆயிற்று. துப்பாக்கி வைத்திருக்கும் தேசபக்தர்கள் மீது இந்த அரசு கை வைக்கத் தயங்கும் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிரா கரைந்த கதை

போருக்கான பணத்தில் பெரும்பகுதி கடனாலும் நோட்டு அச்சடித்தும் வந்தது. இத்தாலியின் நாணயம் லிரா. 1914இல் ஒரு டாலருக்கு 5 லிரா சொச்சம். 1920 இறுதியில் 28 லிரா. விலைவாசி போருக்கு முந்தைய நிலையைப் போல மூன்றரை மடங்கைத் தாண்டியது. பணவீக்கம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, அரசியலை மாற்றுவதும் அந்த வித்தியாசம்தான்.

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. வேலைநிறுத்தம் செய்து கூலியை விலைவாசியோடு இழுத்துக்கொண்டு போனான். பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை போர் முடிந்தபோது இரண்டரை லட்சம் இருந்தது, 1920இல் 20 லட்சத்தைத் தாண்டியது. குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், ஓய்வூதியக்காரர், வீட்டு வாடகையில் வாழ்ந்தவர், நாட்டுப்பற்றோடு போர்க் கடன் பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பம் ஆகியோருக்குச் சங்கமும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. கோட்டு போட்ட தன்னைவிட ஃபியட் ஆலையின் ஃபிட்டர் நன்றாக இருக்கிறான் என்ற எரிச்சல் அவர்களிடம் வளர்ந்தது. ஊர் திரும்பிய இளம் ராணுவ அதிகாரிகள் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான். 22 வயதில் நூறு பேருக்குக் கட்டளையிட்டவனை மறுபடி குமாஸ்தா நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அதுவும் கிடைத்தால்.

கடைக்காரர்கள் கதை இன்னும் சுவாரசியம். 1919 ஜூன், ஜூலையில் விலையுயர்வை எதிர்த்து ஊர் ஊராகக் கலவரம் வெடித்தது. கூட்டம் கடைகளுக்குள் புகுந்து எண்ணெய், மாவு, துணி என்று அள்ளியது. பல ஊர்களில் கடைக்காரர்கள் போலீசிடம் போகவில்லை. நேராகத் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போய்க் கடைச் சாவியை ஒப்படைத்தார்கள். சரக்கு சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று கதவில் எழுதி ஒட்டினால் கடை தப்பும். சங்கம் பாதி விலையில் சரக்கை விற்றுக் கொடுக்கும். அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற மளிகைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஊரில் அரசாங்கம் யார் என்று அவருக்கு அன்று தெரிந்துபோயிற்று. அதை அவர் மறக்கவும் இல்லை.

முதலாளிகளுக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் ஃபியட் 4 ஆயிரம் தொழிலாளர்களிலிருந்து 40 ஆயிரத்துக்கு வளர்ந்தது. ஆயுதமும் எஃகும் செய்த அன்சால்டோ, இல்வா போன்ற நிறுவனங்கள் அரசாங்க ஆர்டரை நம்பிக் கண்மண் தெரியாமல் விரிந்தன. போர் நின்றது, ஆர்டரும் நின்றது. 1921இல் உலகம் முழுக்க மந்தம் வந்தபோது இரண்டும் நொடித்தன. ஆண்டு இறுதியில் அன்சால்டோவுக்குக் கடன் கொடுத்திருந்த பாங்கா இத்தாலியானா தி ஸ்கோந்தோ வங்கி கதவை மூடியது. அத்தனை பேருடைய சேமிப்பும் உள்ளே.

இன்னொரு வாசலும் அப்போதுதான் அடைபட்டது. போருக்கு முன்பு வேலையில்லாத இத்தாலியன் கப்பலேறிவிடுவான். 1913இல் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் வெளியேறினார்கள். 1921இல் அமெரிக்கா குடியேற்றத்துக்கு உச்சவரம்பு வைத்தது. போக இடமில்லாத இளைஞர்கள் ஊரிலேயே தேங்கினார்கள்.

புரட்சிக்கு ஓட்டெடுத்தவர்கள்

1919, 1920 இரண்டையும் சிவப்பு ஆண்டுகள் என்று இத்தாலியர்கள் சொல்வார்கள். ரஷ்யப் புரட்சி நடந்து முடிந்த சூடு. 1919 தேர்தலில் 508 இடங்களில் 156 பிடித்துச் சோஷலிஸ்டுகள் முதலிடம் வந்தார்கள். 1920 செப்டம்பரில் மிலான், டூரின், ஜெனோவா நகரங்களில் தொழிலாளர்கள் உலோக ஆலைகளைக் கைப்பற்றினார்கள். நான்கு லட்சம் பேருக்கும் மேல். ஆலைக் கூரையில் செங்கொடி, வாசலில் காவல், உள்ளே உற்பத்தி. டூரினில் இதற்குக் கருத்து கொடுத்தவர்களில் ஒருவர் மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி.

அப்புறம் என்ன? மிலானில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கூடி, இதைப் புரட்சியாகக் கொண்டுபோகலாமா, கூலி ஒப்பந்தத்தோடு நிறுத்தலாமா என்று ஓட்டெடுத்தது. நிறுத்தலாம் என்ற பக்கம் 5 லட்சத்து 91 ஆயிரம், புரட்சிப் பக்கம் 4 லட்சத்து 9 ஆயிரம். பிரதமராக இருந்த ஜியோலிட்டி படையை அனுப்பவில்லை. தானாகத் தணியும் என்று காத்திருந்தார், தணிந்தது. தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், நடைமுறைக்கு வராத ஒரு வாக்குறுதியும் மிஞ்சின.

வெளியிலிருந்து பார்த்தால் ஜியோலிட்டி செய்தது புத்திசாலித்தனம். ஒரு தோட்டா செலவாகவில்லை. ஆனால் சொத்துக்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் ஆலையைப் பிடுங்கியபோது அரசாங்கம் வேடிக்கை பார்த்தது என்பதுதான் அவர்கள் மனதில் நின்றது. அதே மாதத்தில் ஜியோலிட்டி இன்னொரு காரியமும் செய்திருந்தார். பங்குப் பத்திரங்களை உரிமையாளர் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று வரித்துறைக்குத் தெரிந்துவிடும். போர்க்கால லாபத்தை விசாரிக்கவும் நாடாளுமன்றக் குழு போட்டார்கள். ஆலையை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைவிட இவை இரண்டும் பலருக்கு உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

போ சமவெளி

ஆனாலும் பாசிசத்துக்கு முதலில் தீனி போட்டு வளர்த்தவர்கள் ஆலை முதலாளிகள் அல்ல, நிலக்காரர்கள். களம், போ நதி பாயும் வடக்குச் சமவெளி. ஃபெராரா, போலோஞா, ரோவிகோ, மாந்துவா, கிரெமோனா. சதுப்பை வடித்து உண்டாக்கிய பெரிய பண்ணைகள், கோதுமை, சணல், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட். வேலை செய்தவர்கள் நாட்கூலிகள். ஆண்டில் பாதி நாளுக்குக்கூட வேலை கிடைக்காது. ஆள் எப்போதும் அதிகம், வேலை எப்போதும் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் கூலியைக் காப்பாற்ற ஒரே வழி, ஒருவன்கூடத் தனியாகப் போய்க் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அங்கே விவசாயக் கூலிச் சங்கங்கள் இரும்புப் பிடியாக வளர்ந்தன.

1920இல் அந்தப் பிடி உச்சத்தில் இருந்தது. ஆள் வேண்டுமென்றால் பண்ணைக்காரர் சங்க அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். இவ்வளவு நிலத்துக்கு இத்தனை ஆள் என்று வேலையில்லாத காலத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டும். மீறியவருக்கு அபராதம், அதற்கும் மேலே ஊர்விலக்கு. ரொட்டிக் கடைக்காரர் விற்கமாட்டார், முடிதிருத்துபவர் தொடமாட்டார். இந்த ஊர்விலக்கு பண்ணைக்காரருக்கு மட்டுமல்ல, சங்கத்தை மீறிய ஏழைக் கூலிக்கும் உண்டு. ஆண்டு முழுக்க இழுத்த போராட்டத்துக்குப் பிறகு 1920 அக்டோபரில் போலோஞா நிலக்காரர்கள் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே சமயத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இந்தப் பகுதி நகராட்சிகள் கொத்துக்கொத்தாகச் சோஷலிஸ்டுகள் கைக்குப் போயின. இனி நிலவரியையும் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

இங்கே பண்ணையாருக்கும் கூலிக்கும் நடுவில் ஒரு பிரிவு இருந்ததைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்குப் பயிரிட்டவர்கள், குத்தகைக்காரர்கள், போர்க்காலத்தில் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்து ஐந்தோ பத்தோ ஏக்கர் புதிதாக வாங்கியவர்கள். பயந்துபோய் நிலத்தை விற்ற பெரிய முதலாளிகளால் இவர்கள் எண்ணிக்கை வேகமாக ஏறியிருந்தது. இவர்களும் ஏழைகள்தான். ஆனால் அறுவடைக்கு அண்ணன் தம்பி, பக்கத்து வயல்காரர் என்று மாற்றாள் வைத்துக்கொள்ளாதே, சங்கத்து ஆளை எடு என்று சங்கம் சொன்னது. நிலமெல்லாம் பொதுவாகும் என்று சோஷலிஸ்ட் கட்சி மேடையில் முழங்கியது. வாழ்நாள் உழைப்பில் நேற்றுதான் பத்திரம் பதிந்தவன் காதில் அது எப்படி விழும்? உழுபவனுக்கே நிலம் சொந்தம் என்று பாசிஸ்டுகள் கோஷம் வைத்ததும் இவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடதுசாரிகள் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

1920 நவம்பர் 21 அன்று போலோஞாவில் புது சோஷலிஸ்ட் நகரசபை பதவியேற்றது. மேயர் பால்கனிக்கு வந்தபோது சதுக்கத்தில் திரண்டிருந்த பாசிஸ்டுகள் துப்பாக்கியால் சுட்டார்கள். உள்ளே இருந்த சோஷலிஸ்ட் காவலர்கள் பதறிப்போய் வீசிய கையெறி குண்டுகள் தங்கள் ஆதரவாளர்கள் மேலேயே விழுந்தன. அந்தக் களேபரத்தில் சபைக்குள் ஜியோர்தானி என்ற எதிர்க்கட்சி உறுப்பினரும் கொல்லப்பட்டார். வெளியே செத்தவர்களில் பெரும்பாலோர் சோஷலிஸ்ட் ஆதரவாளர்கள். பழி முழுவதும் சோஷலிஸ்டுகள் மேல் விழுந்தது. நகரசபை கலைக்கப்பட்டது. அடுத்த மாதம் ஃபெராராவிலும் மோதல். அங்கிருந்து தீ பரவியது.

தாக்குதல் எப்படி நடக்கும் என்பதை ரோவிகோ பகுதியைச் சேர்ந்த சோஷலிஸ்ட் உறுப்பினர் ஜியாகோமோ மத்தியோத்தி 1921 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் விவரித்தார். நள்ளிரவில் லாரிகள் கிராமத்துக்குள் வரும். நிலக்காரர் சங்கத்தின் உள்ளூர் ஆட்கள் வழிகாட்டுவார்கள். சங்கத் தலைவரின் சின்ன வீட்டைச் சுற்றிவளைத்து, வெளியே வா என்று கத்துவார்கள். வராவிட்டால் வீட்டைக் கொளுத்துவோம், பெண்டாட்டி பிள்ளை கருகும் என்பார்கள். கதவைத் திறந்தால் கட்டித் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போய், அடித்து, வெட்டவெளியில் துணியில்லாமல் மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். இதைச் சொன்ன இரண்டாம் நாள் மத்தியோத்தியையே கடத்திக்கொண்டு போய்ச் சில மணி நேரம் வைத்திருந்து விட்டார்கள்.

இன்னொரு ஆயுதம் விளக்கெண்ணெய். பிடித்து வைத்து வாயில் ஊற்றி ஊர் நடுவில் விடுவார்கள். அடிபட்டவன் தியாகியாவான், இவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். அவமானம் அடியைவிட ஆழமாகப் பாயும் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்த முறை. 1921 முதல் பாதியில் மட்டும் நூற்றுக்கணக்கான சங்க அலுவலகங்கள், கூட்டுறவுக் கடைகள், வாசகசாலைகள், அச்சகங்கள் சாம்பலாயின.

போலீஸ் எங்கே போனது? வேலியே பயிரை மேய்ந்தது. பல இடங்களில் ராணுவ முகாமிலிருந்துதான் லாரியும் துப்பாக்கியும் வந்தன. கைதானால் பாசிஸ்ட் வெளியே வந்துவிடுவான், திருப்பி அடித்த சோஷலிஸ்ட் உள்ளே இருப்பான். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குறுநில மன்னர் முளைத்தார். ஃபெராராவில் இத்தாலோ பால்போ, போலோஞாவில் தினோ கிராந்தி, கிரெமோனாவில் ஃபரினாச்சி. எத்தியோப்பியப் பிரபுக்களின் பட்டத்தை வைத்து இவர்களை ராஸ் என்றார்கள். 1920 இறுதியில் 20 ஆயிரம் பேரை ஒட்டி இருந்த இயக்கம் ஒரே ஆண்டில் 2 லட்சத்தைத் தாண்டியது.

சங்கம் நொறுங்கிய ஊர்களில் பாசிஸ்டுகளே சங்கம் வைத்தார்கள். அதில் சேர்ந்தவனுக்குத்தான் பண்ணையில் வேலை. மந்தநிலை வேறு. பிள்ளைகளுக்கு ரொட்டி வேண்டுமே, ஆயிரக்கணக்கான கூலிகள் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சேர்ந்தார்கள். பிறகு கூலி குறைந்தது.

முசோலினி இதைத் திட்டமிட்டுத் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1919 மார்ச்சில் மிலானில் அவர் இயக்கம் தொடங்கியபோது வைத்த திட்டத்தில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு ஓட்டு, போர் லாபத்துக்கு வரி, தேவாலயச் சொத்துப் பறிமுதல் எல்லாம் இருந்தன. நிலக்காரர்களின் காசு வந்ததும் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1921 ஆகஸ்டில் சோஷலிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம்கூடப் போட்டுப் பார்த்தார். ராஸ்கள் கொதித்தெழுந்தார்கள். சில மாதங்களில் முசோலினி ஒப்பந்தத்தைக் கைவிட்டார், அவர்கள் அவரைத் தலைவராக ஏற்றார்கள். நவம்பரில் தேசிய பாசிஸ்ட் கட்சி பிறந்தது. கிராமத்தில் தடியடி, ரோமில் பேச்சுவார்த்தை. இரண்டு குதிரையிலும் கால் வைத்து விழாமல் போகத் தெரிந்ததுதான் அவருடைய உண்மையான திறமை.

ரோமில் இருந்தவர்கள்

1919 நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்டுகளுக்கு 156, கத்தோலிக்க மக்கள் கட்சிக்கு 100. கூட்டினால் 256, பாதியைத் தாண்டிவிடும். இரண்டும் ஏழைகளிடம் வேரோடிய கட்சிகள். ஆனால் சாமியார் கட்சியோடு சேர்வதா என்று இவர்களும், சாமி இல்லை என்பவர்களோடு சேர்வதா என்று அவர்களும் விலகி நின்றார்கள். அதுமட்டுமல்ல, முதலாளித்துவ ஆட்சியில் பங்கேற்பதே துரோகம் என்பது சோஷலிஸ்டுகளின் நிலை. புரட்சியும் செய்யவில்லை, ஆட்சிக்கும் வரவில்லை. 1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டில் கட்சி பிளந்து கம்யூனிஸ்ட் கட்சி தனியே போனது.

விளைவு, யாருக்கும் நிலையான பெரும்பான்மை இல்லை. 1919க்கும் 1922க்கும் நடுவில் நித்தி, ஜியோலிட்டி, போனோமி, ஃபாக்தா என்று பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1921 மே தேர்தலில் ஜியோலிட்டி தன் பழைய வித்தையை எடுத்தார். சோஷலிஸ்டுகளைக் குறைக்க பாசிஸ்டுகளைத் தன் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். உள்ளே வந்தால் அடங்கிவிடுவார்கள் என்று கணக்கு. எத்தனையோ பேரை இப்படி அடக்கியவர்தான். சோஷலிஸ்டுகள் 123 இடங்களோடு அப்போதும் முதலிடம் பிடித்தார்கள். பாசிஸ்டுகளுக்கு 35 கிடைத்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் கொளுத்துகிறவனுக்கு நாடாளுமன்ற நாற்காலி கிடைத்தால் அவனைப் பிடிக்க எந்தக் காவல் அதிகாரி துணிவார்?

1922 ஆகஸ்டில் பாசிஸ்ட் வன்முறையை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். தயாரிப்பே இல்லை. பாசிஸ்டுகள் டிராம் ஓட்டினார்கள், மிலான் நகராட்சிக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். பார்மா நகரமோ தெருவில் பள்ளம் தோண்டித் தடுப்பு கட்டி பால்போவின் படையைத் திருப்பி அனுப்பியது. ஒன்றாக நின்றால் தடுக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி, ஆனால் அரிதான அத்தாட்சி.

அக்டோபர் 28

1922 அக்டோபர் இறுதியில் ஆட்சியைக் கேட்டு ரோமை நோக்கித் திரண்டதை, ரோம் மீது படையெடுப்பு என்று பாசிஸ்டுகள் பிறகு கதை கட்டினார்கள். நடந்தது என்ன? 30 ஆயிரத்துக்கும் குறைவான ஆட்கள், பாதிப் பேரிடம் உருப்படியான ஆயுதமில்லை, மழையில் நனைந்துகொண்டு ரோமுக்கு வெளியே நின்றார்கள். நகரத்தைக் காக்க ஜெனரல் புலியேசே தலைமையில் பயிற்சி பெற்ற படை இருந்தது. முசோலினி வரவே இல்லை. மிலானில் இருந்தார், சுவிஸ் எல்லை பக்கம்.

பிரதமர் ஃபாக்தா விடிய விடிய அமைச்சரவை கூட்டி ராணுவச் சட்டம் கொண்டுவர முடிவெடுத்தார். மாவட்டங்களுக்குத் தந்தியும் போய்விட்டது. 28ஆம் தேதி காலை கையெழுத்துக்காக அரசர் விக்டர் இம்மானுவேலிடம் போனார். அரசர் மறுத்துவிட்டார். உள்நாட்டுப் போருக்குப் பயந்தாரா, ராணுவத்தின் விசுவாசத்தைச் சந்தேகித்தாரா, முசோலினி சமாளிப்பார் என்று நம்பினாரா என்பது இன்றும் விவாதம். ஃபாக்தா ராஜினாமா செய்தார். சலாந்திராவின் கீழ் அமைச்சராகச் சேரச் சொன்னபோது முசோலினி மறுத்தார். பிரதமர் பதவி தருகிறோம் என்ற அழைப்பு வந்த பிறகு 29 இரவு படுக்கை வசதியுள்ள ரயிலில் ஏறி மறுநாள் காலை வந்து இறங்கினார்.

அமைச்சரவையில் பாசிஸ்டுகள் சிறுபான்மை. லிபரல்கள், கத்தோலிக்கர்கள், போர் நாயகன் ஜெனரல் தியாஸ் எல்லோரும் இருந்தார்கள். நவம்பர் 16 அன்று முசோலினி நாடாளுமன்றத்தில், இந்தச் சாம்பல் நிற மண்டபத்தை என் படைகளின் கூடாரமாக்கியிருக்க முடியும் என்று அந்த உறுப்பினர்களைப் பார்த்தே சொன்னார். அதற்குப் பிறகு நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 306, எதிர்ப்பு 116. பாசிஸ்டுகள் 35 பேர்தான், நினைவிருக்கட்டும். ஆதரித்தவர்களில் ஜியோலிட்டி, ஒர்லாண்டோ, சலாந்திரா என்று முன்னாள் பிரதமர்கள் வரிசையாக இருந்தார்கள்.

பதவியேற்ற முதல் சில வாரங்களிலேயே ஜியோலிட்டியின் பங்குப் பதிவுச் சட்டம் நீக்கப்பட்டது. போர் லாப விசாரணைக் குழு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, குடும்பத்துக்குள் சொத்து கைமாறினால் கட்ட வேண்டிய வாரிசு வரியும் போயிற்று. 1923இல் அச்செர்போ சட்டம் வந்தது. நான்கில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி முதலிடம் வந்தால் மூன்றில் இரண்டு பங்கு இடம். அதற்கும் லிபரல்கள் கை தூக்கினார்கள். 1924 ஏப்ரல் தேர்தல் தடியும் கத்தியுமாக நடந்தது. மே 30 அன்று மத்தியோத்தி எழுந்து, ஊர் ஊராக நடந்த மோசடியை அடுக்கி, இந்தத் தேர்தல் செல்லாது என்றார். ஜூன் 10 அன்று ரோமில் டைபர் நதிக்கரையில் அவரைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்க் கொன்றார்கள். இரண்டு மாதம் கழித்து உடல் கிடைத்தது. நாடே கொந்தளித்த அந்த வாரங்களில் முசோலினியை அரசர் நீக்கவில்லை, மேலவையும் நம்பிக்கை வாக்கு கொடுத்தது. தத்துவவாதி பெனெடெட்டோ குரோச்சேகூட ஆதரித்து ஓட்டுப் போட்டவர்தான். ஜியோலிட்டி போன்ற பழைய தலைவர்கள் எதிர்ப்புக்குக் கிளம்பியது ஆண்டு இறுதியில்தான். 1925 ஜனவரி 3 அன்று முசோலினி நாடாளுமன்றத்தில் நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, என்ன செய்யப்போகிறீர்கள் என்ற தொனியில் பேசினார். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. 1926 நவம்பரில் மற்றக் கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன, அவரை உள்ளே விட்ட லிபரல்களின் கட்சி உட்பட.